கரடிப் பட வேனைப் பற்றிச் சில ஆட்சேபங்கள்

1

முதல் காட்சியில் அந்த வேனின் சக்கரத்துக்கு நாலு நட்டு. மலை ஏறும்போது அதே சக்கரத்துக்கு ஐந்து. இறங்கும்போது மறுபடி நாலு. கரடியின் உடம்பில் ஒவ்வொரு முடியும் காற்றுக்குத் தனித்தனியாக ஆடுகிற அளவுக்குச் செலவு செய்திருக்கிறார்கள். நட்டை எண்ணுவதற்கு ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைத்திருக்கலாம்.

குழந்தைகள் படத்தில் இதையெல்லாம் பார்க்கக் கூடாது என்பார்கள். எந்தப் படமாக இருந்தாலும் நான் வண்டியைத்தான் பார்ப்பேன். கதாநாயகி அழுதுகொண்டிருக்கும்போது அவள் பின்னால் நிற்கிற ஜீப்புக்கு ஏன் ஒரு பக்கம் மட்டும் புது டயர் என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

ஊரில் என்னோடு படித்த மகாராஜன், நம் வள்ளியூர்ப் பையன்கள் போடுகிற ஆண்டு மலருக்கு, வெளியே போய்ப் பிழைக்கிறவர்கள் எல்லாம் எழுத வேண்டும் என்று கேட்டான். போன மலரில் துபாயில் இருந்து ஒருவர், கனடாவில் இருந்து ஒருவர் எழுதியிருந்தார்கள். நான் இருப்பது திருவனந்தபுரம். காலையில் வள்ளியூரில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். இதைப் போய் எழுதினால் சிரிப்பார்கள் என்றேன். அங்கே என்ன பாஷை பேசுகிறார்கள் என்று கேட்டான். மலையாளம் என்றேன். "அப்ப வெளிநாடுதாம்ல. எழுது" என்றான். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். தப்பு இருந்தால் அவன் திருத்திக்கொள்ளட்டும்.

படத்தைப் பார்த்தது தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தியேட்டரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சி. கூட வந்தது என் அண்ணன் மகள் பவி. ஆறு வயது, மலையாளப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு. படத்தில் கரடிகளும் மலையாளம்தான் பேசின. அப்பா கரடி, அம்மா கரடி, இரண்டு குட்டிகள், ஒரு பழைய மஞ்சள் வேன். கடல் பார்க்கக் கிளம்புகிறார்கள். வழியில் பனி கொட்டி வேன் நின்றுவிடுகிறது. உதவி கேட்டு நடந்து போன அப்பா கரடிக்கு வழி தெரியாமல் போய்விடுகிறது. குட்டிகள் எப்படியோ வேனைச் சரி செய்து ஹார்ன் அடிக்கின்றன. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே அப்பா கரடி வந்து சேர்கிறது. அவ்வளவுதான் கதை.

இனி வண்டி. இன்ஜின் பின்னால் இருக்கிறது. சரி, அந்தக் காலத்து வேன்களில் அப்படி உண்டு. ஆனால் கொதிக்கும்போது ஆவி முன்னால் வருகிறது. அப்பா கரடி இறங்கி, ரேடியேட்டர் மூடியை வெறுங்கையால் திருகித் திறக்கிறது. கரடியாக இருந்தாலும் முகத்துத் தோல் உரிந்துவிடும். தியேட்டரில் இருந்த அத்தனை பிள்ளைகளும் அதைப் பார்த்தார்கள். அதில் ஒன்றாவது வளர்ந்து, வண்டி வாங்கி, அப்படியே செய்யப் போகிறது.

நேர் ரோட்டில் ஸ்டீரிங்கை இடதும் வலதுமாக ஆட்டிக்கொண்டே போகிறது. அவ்வளவு ஆட்டியும் வண்டி நேராகப் போகிறது என்றால் ஸ்டீரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கிற டை ராடு போய்விட்டது என்று அர்த்தம். அந்த வண்டியில் குடும்பத்தை ஏற்றக் கூடாது. காலுக்குக் கீழே இரண்டே பெடல். ஆனால் ஏற்றத்தில் நாலு தடவை கையால் கியர் மாற்றுகிறது. கிளட்ச் எங்கே? சத்தமோ எட்டு சிலிண்டர் இன்ஜின் சத்தம். எட்டு சிலிண்டரை அந்த வேனுக்குள் வைத்தால் கரடிகள் கூரையில்தான் உட்கார வேண்டும்.

நல்லதையும் சொல்ல வேண்டும். வேனுக்குக் கண்ணும் வாயும் வைத்துப் பேச விடவில்லை. வண்டிக்கு ஏற்கனவே முகம் இருக்கிறது, தனியாக வரைய வேண்டாம். பிறகு, ஒரே ஒரு இடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பனியில் வேன் நின்ற பிறகு பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. டிக் என்று ஒரு சத்தம். கொஞ்சம் கழித்து இன்னொன்று. ஓடிச் சூடான வண்டியை நிறுத்தினால் சைலன்சர் குழாய் ஆறிச் சுருங்கும்போது அந்தச் சத்தம் வரும். இண்டிகேட்டர் மாதிரி ஒரே சீராக வராது, நினைத்தபோது ஒன்று வரும். வண்டி தெரியாத ஆளுக்கு அதைப் படத்தில் வைக்கத் தோன்றாது. நட்டை எண்ணாத அந்தக் கூட்டத்தில் யாரோ ஒருவர், நின்றுபோன வண்டிக்குப் பக்கத்தில் என்றைக்கோ சும்மா நின்றிருக்கிறார்.

படம் முடிந்து விளக்கைப் போட்டார்கள். பவி சோளப்பொரி டப்பாவின் அடியைத் துழாவிக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னாள்.

"கரடியச்சனும் நம்ம அப்பாவப் போல தவறிப் போச்சு, அல்லே? சித்தப்பா நம்ம வண்டிய வேகம் சரியாக்கணும். எந்நிட்டு நானும் ஹார்ன் அடிக்கும். கேட்டா?"

வண்டியைச் சீக்கிரம் சரி செய், அப்புறம் நானும் ஹார்ன் அடிப்பேன் என்கிறாள்.

என் அண்ணன் இசக்கிமுத்து இறந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. அடுத்த மாதம் வள்ளியூரில் முதல் வருஷத் திவசம். பவியும் வருகிறாள். அண்ணன் படத்துக்கு மாலை போட்டிருப்பார்கள், பெண்கள் கட்டிப்பிடித்து அழுவார்கள். அவளுக்கு விஷயம் தெரியும் என்றுதான் நாங்கள் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தோம்.

2

இங்கே வந்த கதை. அண்ணன் கல்யாணம் முடித்த கையோடு திருவனந்தபுரத்துக்கு வந்து டாக்சி ஓட்டினான். தம்பானூர் ஸ்டாண்டில் அவன் வண்டி நிற்கும். வெள்ளை டீசல் கார், சொந்த வண்டி. ஊரில் நான் ஒரு பட்டறையில் சும்மா இருந்தேன். கிள்ளிப்பாலத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஆள் வேண்டும் என்று அவன்தான் கூட்டி வந்து விட்டான். ஸ்ரீவராகம் பக்கம் ஒரு சந்தில் அவர்கள் குடியிருக்கிற வாடகை வீட்டிலேயே எனக்கும் இடம். மயினி, அதாவது அண்ணன் பெண்டாட்டி, பக்கத்து அக்ரகாரத்தில் இரண்டு வீட்டுக்குச் சமையல் செய்கிறாள்.

மலையாளம் தமிழ் மாதிரியே இருக்கும், ஒரு வாரத்தில் வந்துவிடும் என்று ஊரில் சொன்னார்கள். தமிழ் மாதிரியே இருப்பதுதான் சிக்கல். வந்த புதிதில் பிஜு என்று ஒரு டாக்சிக்காரர் வண்டியை விட்டார். அண்ணனின் கூட்டாளி, அதே ஸ்டாண்ட். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடியே, ரேடியேட்டரில் கொஞ்சம் வெள்ளம் ஒழி என்றார். வெள்ளம் என்றால் தண்ணீர் என்பது எனக்குத் தெரியும். ஒழி என்கிறாரே, பழைய தண்ணீரை மாற்றப் போகிறார் போல என்று அடியில் படுத்து, பிளக்கைக் கழற்றி, உள்ளே இருந்த அத்தனையையும் தரையில் விட்டேன். மலையாளத்தில் ஒழி என்றால் ஊற்று.

"எடே, நினக்கு வெள்ளத்தோடு எந்தரு தேஷ்யம்?" என்று கேட்டார் பிஜு. தண்ணீர் மேல் உனக்கு என்ன கோபம் என்று. அதற்குப் பிறகு ஸ்டாண்டில் முத்து என்கிற என் பெயர் போய், வெள்ளம் ஒழி என்றே பெயர். அண்ணனும் கூடச் சேர்ந்து சிரித்தான். தமிழனை இங்கே கேலியாகப் பாண்டி என்று கூப்பிடுவதற்கு இது பரவாயில்லை. ஆனால் அன்றிலிருந்து பிஜு என்னிடம் பேசும்போது நிறுத்தி, மெதுவாகப் பேசுவார்.

பவிதான் வீட்டில் எனக்கு வாத்தியார். கடையில் நான் கறி கேட்டால் அவள் சட்டையைப் பிடித்து இழுப்பாள். "கரி அல்ல சித்தப்பா, கறி. கரி அடுப்பில இருக்கும்." எங்கள் ஊர் வாயில் ர, ற இரண்டும் ஒன்றுதான். எழுதும்போதுதான் வேறு வேறு. மலையாளத்தில் அப்படி இல்லை, நாக்கு அங்குலம் மாறினால் சாமான் மாறிவிடும். ஒவ்வொரு தடவையும் அவள் சொல்லிக் காட்டுவாள், நான் திருப்பிச் சொல்வேன், சரியில்லை என்று தலையை ஆட்டுவாள். அண்ணனும் மயினியும் அவளிடம் தமிழில் பேசுவார்கள். அவள் தமிழில் ஆரம்பித்து மலையாளத்தில் முடிப்பாள். கொஞ்சம் கொஞ்சமாக ஆரம்பமும் மலையாளம் ஆகிக்கொண்டு வந்தது. அண்ணனுக்கு அது ஒரு வகையில் பெருமைதான். இங்கே பிழைக்கப் போகிற பிள்ளை என்பான்.

3

அண்ணன் இறந்த அன்று நான் ஒரு வண்டியின் கிளட்ச் பிளேட்டை இறக்கி வைத்திருந்தேன். பிஜு போன் செய்தார். அன்றைக்கு மெதுவாகப் பேசவில்லை.

"முத்துவே, நம்ம இசக்கி மரிச்சு. ஈஞ்சக்கல் பைபாஸில். வண்டி இவிட தன்னே உண்டு. நீ வேகம் வா."

வண்டி இங்கேயேதான் நிற்கிறது, சீக்கிரம் வா என்கிறார். மரிச்சு என்றால் இறந்துவிட்டான். சர்ச்சில் மரித்தார் என்று வாசிப்பார்களே, அதே வார்த்தைதான். ஆனால் ஒரு ஆள் போனில் பேசுகிற வார்த்தையாக அதை நான் கேட்டதே இல்லை. எனக்கு விழுந்தது மறிச்சு. வண்டியை மறிச்சுட்டாங்க, செக்கிங். அந்த வாரம் அண்ணன் வண்டியை டெஸ்ட்டுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அதனால் ஆர்.சி. புக், இன்ஷூரன்ஸ் எல்லாம் அசல் என் டூல்ஸ் பெட்டியில் இருந்தது. பேப்பர் இல்லாமல் மாட்டிக்கொண்டான் என்று நினைத்தேன்.

"எல்லாம் எங்கிட்டதான் இருக்கு. எடுத்துட்டு வாறேன், அதுவரைக்கும் ஆபீசர்ட்ட பேசிட்டு இருங்க" என்றேன். பிஜு போனை வைத்துவிட்டார். அதிர்ச்சியில் ஏதோ உளறுகிறான் என்று நினைத்தாராம்.

கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் முதலாளியின் ஸ்கூட்டரில் போனேன். வழியில் அண்ணனைத் திட்டிக்கொண்டு போனேன். பைபாஸ் ஓரத்தில் வண்டி நின்றது. ஒரு கீறல் இல்லை. ரோட்டை விட்டு முழுக்க இறக்கி, சக்கரத்தை நேராக்கி, நாலு இண்டிகேட்டரும் எரிய, சுத்தமாக நிறுத்தியிருந்தது. போலீஸும் இல்லை, ஆபீசரும் இல்லை. பிஜு மட்டும் நின்றார். நான் பிளாஸ்டிக் கவரில் இருந்து பேப்பரை எடுத்து அவர் கையில் நீட்டினேன். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தமிழில் சொன்னார். அவருக்குத் தெரிந்த தமிழ் சினிமாத் தமிழ்.

"அண்ணன் செத்துப் போச்சு, முத்து."

நாய்க்குச் சொல்கிற மாதிரி இருந்தது. ஆனால் புரிந்தது.

ஏர்போர்ட்டில் ஆளை இறக்கிவிட்டு வரும்போது நெஞ்சு வலித்திருக்கிறது. வண்டியை ஓரம் கட்டி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு, அப்படியே ஸ்டீரிங்கில் சாய்ந்திருக்கிறான். அந்த வழியாக வந்த பிஜு பார்த்தபோது இன்ஜின் ஓடிக்கொண்டிருந்ததாம். அவர்தான் சாவியைத் திருகி அணைத்தார். ஆம்புலன்ஸ்காரர்கள் பார்த்துவிட்டு ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது முன்பக்கம் இன்னும் சூடாக இருந்தது. பிஜு பேசிக்கொண்டிருந்தார். எனக்கு வண்டிக்குக் கீழே இருந்து வந்த டிக், டிக்தான் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போதுதான் நிறுத்தியிருக்கிறார்கள் என்று வேலைக்காரப் புத்தி கணக்குப் போட்டது.

எல்லோரும் அழுகை பிறகு வரும் என்றார்கள். எனக்கு இன்னும் வரவில்லை.

4

பவிக்கு அன்று அம்மை போட்டிருந்தது. உடம்பெல்லாம் முத்து, வேப்பிலைப் படுக்கை. அம்மை இருக்கிற வீட்டில் சாவுச் சத்தம் கேட்கக் கூடாது, சாவு வீட்டுக்குப் போனவர்கள் பக்கத்தில் வரக் கூடாது. அதனால் அண்ணனை வீட்டுக்குக் கொண்டுவரவே இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்து நேராக வள்ளியூர். பவியை அடுத்த வீட்டு ஷீலா சேச்சி பார்த்துக்கொண்டார். கிளம்பும் முன்னால் மயினி வாசலில் நின்று பவியை எட்டிப் பார்த்தாள். வாயைச் சேலையால் பொத்திக்கொண்டாள். தெருமுனை போய், வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் குரல் விட்டாள்.

காரியம் எல்லாம் முடிந்து, பவிக்கும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு, ஒரு சாயங்காலம் மயினி அவளை மடியில் வைத்துச் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். "அப்பா தவறிட்டாவ மக்கா" என்றாள். பவி அழவில்லை. எங்கே வைத்து என்று கேட்டாள். ஈஞ்சக்கல்லில் வைத்து என்றாள் மயினி. பவி கொஞ்சம் யோசித்துவிட்டு விளையாடப் போய்விட்டாள். பிள்ளைக்கு விவரம் இல்லை, அதுவும் நல்லதுதான் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

இப்போது யோசித்தால் அவளுக்கு எல்லா விவரமும் இருந்தது. வழி தவறிப் போன ஆட்டுக்குட்டிக் கதை ஒன்றை மயினி அவளுக்குச் சொல்வது உண்டு. தவறுவது என்றால் வழி தெரியாமல் போவது. அப்பா ஈஞ்சக்கல்லில் வைத்து வழி தவறிவிட்டார். வண்டி எங்கே என்று அவள் என்னிடம் கேட்டாள். ஒர்க்‌ஷாப்பில் என்றேன். கேடாகிவிட்டதா என்றாள். ஆமாம் என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. அவள் அதை வைத்து ஒழுங்காக ஒரு கணக்குப் போட்டிருக்கிறாள். வண்டி சரியானால் போய்த் தேடலாம். சித்தப்பா மெக்கானிக். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தவறாமல் "வண்டி சரியாயோ?" என்று கேட்பாள். வண்டி மேல் பிள்ளைக்கு என்னை மாதிரியே ஆசை என்று நினைத்து நானும் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

உண்மையில் அந்த வண்டிக்கு ஒரு கேடும் இல்லை. மறுநாள் சாயங்காலம் வரை அந்த ரோட்டோரத்தில் இண்டிகேட்டர் எரிந்து எரிந்து பேட்டரி இறங்கியிருந்தது. அவ்வளவுதான். ஒர்க்‌ஷாப்பின் பின்பக்கம் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தேன். சார்ஜ் போட ஒரு ராத்திரி போதும். நான் போடவில்லை.

5

வண்டியை மயினி பெயருக்கு மாற்ற அலைந்ததை மட்டும் தனியாக எழுதினால் ஒரு மலர் நிறையும். எங்கே போனாலும் முதலில் கேட்பது வீட்டுப் பெயர். இங்கே மனிதருக்குப் பெயர் மாதிரி குடும்பத்துக்கும் ஒரு பெயர் உண்டு, அதைத்தான் கேட்கிறார்கள். "வாடகை வீடு சார்" என்றாள் மயினி. அந்தக் கிளார்க் சிரிக்கவில்லை. ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்ததைக் கேட்டார். இசக்கிமுத்து என்பதை ஒரு பேப்பரில் ஒரு சொல்லாகவும் இன்னொன்றில் இரண்டு சொல்லாகவும் எழுதியிருந்தார்கள். இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்பதற்கு வில்லேஜ் ஆபீசில் இன்னொரு பேப்பர்.

ஒவ்வொரு ஜன்னலிலும் ஆளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். ஆரம்பத்தில் மயினி என்னைப் பார்ப்பாள், நான் சொல்வேன், என் வாயில் அது சரியாக வராது, அவர்கள் மறுபடி கேட்பார்கள். மூன்றாவது ஆபீசில் அவளே சொல்லிவிட்டாள். "பர்த்தாவு மரிச்சு." அச்சு மலையாளம். இத்தனை வருஷத்தில் அவள் சுத்தமாகப் பேசிய மலையாளம் அது ஒன்றுதான்.

6

படம் பார்த்துவிட்டு வந்த அன்று, பவி தெருவில் விளையாடப் போன பிறகு மயினியிடம் சொன்னேன். அவள் முறத்தில் அரிசி வைத்திருந்தாள். கை நின்றுவிட்டது.

"நான் அன்னைக்கே சொன்னேனே தம்பி. நீங்களும் இருந்தீங்களே."

இருந்தேன், ஆனால் பவிக்கு அந்த வார்த்தை வேறு மாதிரி போய்விட்டது என்றேன். தவறிட்டார் என்பது அவளுக்குப் பாதை தவறுவதுதான். செத்துட்டார் என்று சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும். கரப்பான் பூச்சிக்கும் டார்ச் லைட் பேட்டரிக்கும் அவள் அந்த வார்த்தையைச் சொல்கிறாள்.

"கரப்பான் பூச்சிக்குச் சொல்லுத வார்த்தைய எம் புருசனுக்கு நானே எப்படிச் சொல்லுவேன்?"

அப்படியானால் மலையாளத்தில் சொல்லுங்கள், ஆபீசில் சொன்னீர்களே என்றேன். கொஞ்ச நேரம் அரிசியில் கல் பொறுக்கினாள்.

"அது ஆபீசுல. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் யாரோ இருக்கான், சொல்லிட்டு வந்தேன். பிள்ளை முகத்தப் பாத்து எனக்கு வராது. நீங்களே சொல்லுங்க. நான் பக்கத்துல இருக்கேன். ஆனா ஊர்ல போயி, எவளாவது மாரடிச்சுட்டு சொல்லி அவ தெரிஞ்சுக்கக் கூடாது."

அன்று ராத்திரி பேட்டரியைக் கழற்றிச் சார்ஜில் போட்டேன்.

7

அடுத்த ஞாயிறு மூன்று பேரும் ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். தார்ப்பாயை எடுத்துவிட்டுத் துடைத்து வைத்திருந்தேன். பவி வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். சக்கரத்தின் பக்கத்தில் குத்தவைத்து நட்டுகளை எண்ணினாள். படம் பார்த்த அன்று நான் பஸ்ஸில் சொன்னதை ஞாபகம் வைத்திருக்கிறாள். எல்லாச் சக்கரத்திலும் எண்ணி முடித்துவிட்டுச் சரிதான் என்றாள்.

ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆனது. ஒரு வருஷம் நின்ற வண்டி. டீசலில் கொஞ்சம் கறுப்புப் புகை, பிறகு சரியாகிவிட்டது. பவி என் மடி மேல் எக்கி ஹார்னை அமுக்கினாள். நீளமாக. பிறகு கேட்டைப் பார்த்தாள். மறுபடி அமுக்கினாள். பக்கத்து டயர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். வேறு யாரும் வரவில்லை.

"தூரம் கூடுதலா இருக்கும். அங்கயே போய் அடிக்கணும்" என்றாள்.

அவளையும் மயினியையும் பின்னால் உட்கார வைத்துப் பெல்ட் போட்டுவிட்டு எடுத்தேன். வண்டி பழகிக்கொள்ளட்டும் என்று முதலில் கடற்கரை வரை போய்த் திருப்பினேன். ஸ்டீரிங் ஆடவில்லை. கிளட்ச் கொஞ்சம் மேலே பிடிக்கிறது, அண்ணனுக்கு அப்படித்தான் பிடிக்கும். அதை இறக்கி வைக்க வேண்டாம் என்று நினைத்தேன். பிறகு பைபாஸ். ஈஞ்சக்கல் தாண்டி, அதே இடத்தில், ரோட்டை விட்டு முழுக்க இறக்கினேன். நியூட்ரல். ஹேண்ட் பிரேக். இன்ஜினை அணைத்தேன். இண்டிகேட்டர் போடவில்லை, நல்ல வெளிச்சம் இருந்தது.

திரும்பி உட்கார்ந்து, ஒர்க்‌ஷாப்பில் நின்று பலமுறை சொல்லிப் பார்த்திருந்ததைச் சொன்னேன்.

"மோளே, வண்டிக்கு ஒரு கேடும் இல்ல. முன்னயும் இல்ல. அப்பா வழி தவறல. அப்பா இவிட வச்சு மறிச்சு."

"எந்து மறிச்சு?" என்றாள்.

என் வாயில் வந்தது றி. மறிச்சு என்றால் மலையாளத்தில் கவிழ்த்துவிட்டான் என்று அர்த்தம். அப்பா எதைக் கவிழ்த்தார் என்று கேட்கிறாள். ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள், வண்டிக்கு எங்கேயும் ஒடுக்கு இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

"வண்டிய மறிச்சோ?"

"வண்டி இல்ல. அப்பா. அப்பாதான் மறிச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கடையில் கறி கேட்கும்போது வருமே, அந்தச் சிரிப்பு. பெல்ட்டுக்குள் இருந்து முன்னால் சாய்ந்தாள்.

"மறிச்சு அல்ல சித்தப்பா. அங்ஙனே பறஞ்ஞா அர்த்தம் வேற. நாக்கு மெல்ல வைக்கணும். ரி. மரிச்சு."

சொல்லிக் காட்டிவிட்டு, நான் திருப்பிச் சொல்வதற்காக என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லவில்லை. அவள் உதடு மட்டும் இன்னொரு தடவை அதைச் சொன்னது, சத்தம் இல்லாமல். பிறகு மெதுவாகத் திரும்பி மயினியைப் பார்த்தாள்.

"அம்மா. அப்பா மரிச்சோ?"

"ஆமா மக்கா" என்றாள் மயினி. "அதத்தான் நான் அன்னைக்குச் சொன்னேன்."

பவி அவள் சேலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். பெல்ட் இழுத்துப் பிடித்தது. நான் கையை நீட்டி அதை விடுவித்தேன். இரண்டு பேரும் அழுதார்கள். ஒரு லாரி போனது, பிறகு ஒரு பஸ் போனது. நான் கண்ணாடியில் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எவ்வளவோ நேரம் கழித்து, சேலைக்குள் இருந்தபடியே பவி கேட்டாள்.

"அது எந்தா சத்தம்?"

டிக். கொஞ்சம் கழித்து இன்னொன்று.

"வண்டி ஆறுது" என்றேன்.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். வீட்டுக்குப் போகலாமா என்று மயினி கேட்டாள்.

"அது நிக்கட்டும்" என்றாள் பவி. முழுத் தமிழ்.

இருந்தோம். சத்தம் விட்டு விட்டு வந்தது, பிறகு இன்னும் விட்டு வந்தது. இனி இல்லை என்று தெரிந்த பிறகு நான் சாவியைத் திருகினேன்.